கொலு பொம்மைகளை உடையாமல் பார்சல் அனுப்ப: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி பிறந்துவிட்டால் மதுரை விளாச்சேரி, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, பண்ருட்டி என்று பொம்மை செய்யும் ஊர்களிலிருந்து பெட்டிகள் கிளம்பத் தொடங்கிவிடும். சில பெங்களூருக்கு, சில மும்பைக்கு, சில கடல் தாண்டி சிங்கப்பூருக்கும் நியூ ஜெர்சிக்கும். கடையில் வாங்கியவர்கள், தன் வீட்டுப் பொம்மைகளை வெளியூர் மகளுக்கு அனுப்ப நினைக்கும் அம்மாக்கள், ஆன்லைனில் புதிதாக விற்கத் தொடங்கியவர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கண்ணாடி, பீங்கான் அனுப்புகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பொம்மை உடைவது எதனால்? கூரியர்காரர்கள் தூக்கிப் போடுவதால்தானே?

தூக்கிப் போடுவார்கள்தான். பண்டிகைக் காலத்தில் ஒரு கிடங்கில் இரவு முழுக்க வண்டி வண்டியாகப் பெட்டி இறக்குகிறவரிடம் பூப்போல வைக்கச் சொல்லிப் பயனில்லை. விழும் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

ஆனால் விழுவது மட்டுமே காரணம் இல்லை. பொம்மை மூன்று விதமாக உடைகிறது. ஒன்று, பெட்டி விழும்போது. இரண்டு, பெட்டிக்குள்ளேயே பொம்மை ஆடி, பக்கத்துப் பொம்மையின் மீதோ அட்டையின் மீதோ மோதும்போது. மூன்று, மேலே வேறு பெட்டிகளை அடுக்கும்போது பாரம் பொம்மையின் தலையில் இறங்கும்போது. நன்றாகச் சுற்றியும் உடைந்து வந்தது என்று சொல்பவர்களின் பெட்டியைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான் காரணமாக இருக்கும். சுற்றுவதில் காட்டிய அக்கறையைப் பெட்டியில் காட்டியிருக்க மாட்டார்கள்.

விழும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். இரண்டரை அடி, அதாவது 76 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொம்மை விழுகிறது. வெறும் அட்டையில் பட்டு 1 மி.மீ. தூரத்துக்குள் நின்றால், அதன் எடையைப் போல சுமார் 760 மடங்கு விசை அதன் மீது விழும். அதே பொம்மை 3 செ.மீ. மெத்தையை அமுக்கிக்கொண்டு நின்றால் அது சுமார் 25 மடங்காகக் குறையும். இவை சராசரிக் கணக்குதான், உச்ச விசை இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனாலும் விஷயம் இதுதான்: சுற்றிலும் 'அமுங்குவதற்கு இடம்' இருக்க வேண்டும். பொம்மையை இறுக்கிக் கட்டி அமுங்க வழியில்லாமல் செய்வதும் தவறு, லொடலொடவென விடுவதும் தவறு.

களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர், ஃபைபர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கட்டலாமா?

கூடாது. முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள். பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தை நகத்தால் லேசாகத் தட்டுங்கள். சுட்ட களிமண் கணீரென்று சத்தம் கொடுக்கும், வர்ணம் படாத இடம் செங்கல் நிறத்தில் இருக்கும். காகிதக்கூழ் பொம்மை அளவுக்குப் பொருந்தாத அளவு லேசாக இருக்கும், தட்டினால் மந்தமான சத்தம்தான் வரும். பிளாஸ்டர் பொம்மையின் அடியில் வெள்ளை மாவு விரலில் ஒட்டும், எடையும் தூக்கலாக இருக்கும். ஃபைபரைத் தட்டினால் பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டியது போல இருக்கும்.

களிமண் பொம்மை அச்சில் செய்தது, உள்ளே வெற்றுக் கூடு. மேலே பாரம் ஏறினால் ஓரளவு தாங்கும், ஆனால் வளைந்துகொடுக்கவே கொடுக்காது. கை, கழுத்து போன்ற மெலிந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு இடி போதும். காகிதக்கூழ் விழுந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கு எதிரி ஈரம்தான்: ஊறும், வர்ணம் உப்பும், பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டர் இரண்டு வகையிலும் சங்கடம், விளிம்பு சட்டென்று சில்லு விடும், நீரும் ஆகாது. ஃபைபரை உடைப்பது கஷ்டம், அதில் வர்ணம் உரசாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதனால் களிமண்ணுக்கு மெத்தை, காகிதக்கூழுக்கு ஈரக்காப்பு. பிளாஸ்டருக்கு இரண்டும்.

என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

ஐந்து ப்ளை (ஐந்து அடுக்கு) அட்டைப் பெட்டி, புதிதாக. ஏற்கெனவே ஒருமுறை பயணம் போய் வந்த மிக்ஸி பெட்டி, பழக்கடைப் பெட்டி வேண்டாம். அட்டையின் பலம் அதன் நெளிகளில் இருக்கிறது, நெளி ஒருமுறை நசுங்கிவிட்டால் மறுபடி நிமிராது. பபிள் ராப்பில் சிறு குமிழ், பெரிய குமிழ் இரண்டும். மெல்லிய ஃபோம் ஷீட். வர்ணத்தின் மீது படுவதற்கு வெள்ளை டிஷ்யூ தாள் அல்லது துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டி. 2 அல்லது 3 அங்குல அகல பிரவுன் டேப், கட்டர், மார்க்கர். அவ்வளவுதான். பெட்டிக்கும் டேப்புக்கும் கஞ்சம் பிடித்துவிட்டு பபிள் ராப்பை மட்டும் மலைபோல் வாங்குகிறவர்கள் நிறைய.

ஒரு பொம்மையை எப்படிச் சுற்றுவது? வரிசையாகச் சொல்லுங்கள்.

ஒரு அடி உயரக் களிமண் சரஸ்வதி என்று வைத்துக்கொள்வோம். அனுப்புவதில் சிரமமான பொம்மை இதுதான், இதைக் கட்டப் பழகிவிட்டால் மற்றவை எளிது.

முதலில் பொம்மையை மேசை மேல் வைத்து, உடலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எதெல்லாம் என்று பாருங்கள். வீணையின் தண்டு ஒரு பக்கம் நீண்டு, நுனியில் யாளி முகத்தோடு நிற்கும். விரல்கள் தந்திக்கு மேலே மெலிதாக எழுந்திருக்கும். கிரீடத்தின் உச்சி, பின்னால் இருக்கும் மேல் கைகள், அதில் பிடித்த ஜபமாலை. உடைகிற இடங்கள் இவைதான். முதுகும் பீடமும் உடைந்து நான் பார்த்தது குறைவு.

நேரடியாக இதன் மேல் பபிள் ராப்பைச் சுற்றி இறுக்கினால் என்ன ஆகும்? சுற்றின் இழுவை முழுக்க நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் மீது போய் விழும். பெட்டிக்குள் போகும் முன்பே வீணை போய்விடும். அதனால் முதல் வேலை பள்ளங்களை நிரப்புவது. டிஷ்யூ தாளைத் தளர்வாகச் சுருட்டி வீணைக்கும் மார்புக்கும் நடுவில், கைகளுக்கும் உடலுக்கும் நடுவில், வீணைத் தண்டுக்கு அடியில் வையுங்கள். அழுத்தித் திணிக்கக் கூடாது, தாள் தானாக நிற்கும் அளவு போதும். கழுத்துக்குத் துணியை முறுக்கிப் பிரிமணை போல ஒரு வளையம் செய்து போடுங்கள். அது தலைக்கும் தோளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பும். கிரீடத்துக்கு மேல் தாளாலேயே ஒரு தொப்பி. இவ்வளவும் செய்தபின் பொம்மை மேடு பள்ளம் தெரியாத ஒரு பருத்த உருளையாக வந்திருக்கும்.

இப்போது டிஷ்யூ தாளையோ வேட்டித் துணியையோ முழுதாக ஒரு சுற்று. அப்புறம் சிறு குமிழ் பபிள் ராப் இரண்டு சுற்று, மேலே பெரிய குமிழ் ஒரு சுற்று. டேப் பபிள் ராப்பில்தான் ஒட்ட வேண்டும், பொம்மையில் எங்கேயும் படக் கூடாது. டேப்பின் நுனியை உள்பக்கமாக மடித்து ஒரு காது விடுங்கள். பிரிக்கிறவர் கத்தியை எடுக்காமல் இழுத்துப் பிரிக்க அது உதவும். அனுப்பும் வழியெல்லாம் தப்பி வந்து, பிரிக்கும்போது கட்டரால் கீறல் வாங்கிய பொம்மைகள் உண்டு. கடைசியாக மார்க்கரால் தலைப் பக்கத்தில் 'தலை' என்று எழுதிவிடுங்கள். சுற்றியபின் எது தலை, எது கால் என்று கட்டியவருக்கே தெரியாது.

பெட்டியில் நிற்க வைக்கலாமா, படுக்க வைக்கலாமா?

ஒரு அடி வரை நிற்க வையுங்கள், பீடம்தான் பொம்மையின் பலமான இடம். ஒன்றரை அடிக்கு மேல் போனால் பெட்டி ஒல்லியாக உயர்ந்து நிற்கும், அதை எப்படியும் வழியில் யாராவது படுக்கப் போட்டுவிடுவார்கள். அதற்கு நாமே மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகு முழுக்கத் தாங்கும்படி ஃபோம் கொடுப்பது மேல். இடுப்புக்கு அடியில் வெற்றிடம் விட்டுவிடாதீர்கள்.

பபிள் ராப்பில் குமிழ் உள்பக்கமா, வெளிப்பக்கமா?

உள்பக்கம். குமிழ் பொருளைத் தொட்டு நிற்க வேண்டும். ஆனால் கொலு பொம்மைக்கு ஒரு திருத்தம்: வர்ணத்தின் மீது நேரடியாகக் குமிழ் படக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏறும்போது, எனாமல் வர்ணமும் வார்னிஷும் இளகி, முகம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிடும். அது துடைத்தால் போகாது. இடையில் தாளோ துணியோ கட்டாயம்.

இந்த பபிள் ராப் 1957இல் அமெரிக்காவில் இரண்டு பேர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் போய்ப் பிறந்த பொருள். சுவருக்கு யாரும் வாங்கவில்லை. பிறகு ஐபிஎம் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை அனுப்ப இதைப் பயன்படுத்திய பிறகுதான் உலகம் முழுக்கப் போனது.

நியூஸ்பேப்பரும் வைக்கோலும் வைத்துத்தானே அந்தக் காலத்தில் அனுப்பினார்கள்?

அனுப்பினார்கள், நன்றாகவும் போய்ச் சேர்ந்தது. வைக்கோல் நல்ல மெத்தைதான். ஆனால் அது ஈரம் இழுக்கும், பூச்சி வைக்கும், வெளிநாடு என்றால் பெரிய வம்பு. உள்ளூருக்குள் லாரியில் போகும் மரப்பெட்டிக்கு இன்றும் வைக்கோலைக் குறை சொல்ல மாட்டேன்.

நியூஸ்பேப்பர் வேறு விஷயம். கசக்கிப் போட்டால் முதல் நாள் பந்துபோல நிற்கும், இரண்டு நாள் குலுங்கியபின் அமுங்கித் தட்டையாகிவிடும். பெட்டி கிளம்பும்போது இறுக்கமாக இருந்தது, சேரும்போது உள்ளே ஒரு அங்குலம் இடைவெளி. அதோடு அச்சு மை வெள்ளை வேட்டி கட்டிய பெருமாள் மீது ஏறிவிடும். பெட்டியின் மூலைகளை அடைக்க வைத்துக்கொள்ளுங்கள், பொம்மையைத் தொட விடாதீர்கள்.

பெட்டிக்குள் பெட்டி வைப்பது அவசியமா? செலவு இரட்டிப்பாகிறதே.

ஃபைபர் பொம்மைக்கும் விரற்கடைப் பொம்மைகளுக்கும் அவசியமில்லை. களிமண், பிளாஸ்டர் பொம்மைகளுக்கு, கூரியரில் போவதாக இருந்தால், அவசியம்.

சுற்றிய பொம்மைகளை ஒரு சிறு பெட்டியில் அசையாமல் வைத்து மூடுங்கள். அந்தப் பெட்டியை இன்னும் பெரிய பெட்டிக்குள், ஆறு பக்கமும் குறைந்தது 2 அங்குல இடம் விட்டு வையுங்கள். அந்த இடத்தைப் பெரிய குமிழ் ராப்பாலோ ஃபோம் துண்டுகளாலோ நிரப்புங்கள். வெளிப்பெட்டி அடி வாங்கும், நடுவிலுள்ள மெத்தை அமுங்கும், உள்பெட்டி தன் வடிவம் கெடாமல் நிற்கும். முன்னே சொன்ன அந்த 3 செ.மீ. இங்கேதான் கிடைக்கிறது.

தெர்மாகோல் பலகையை இறுக்கமாகச் செருகி நிரப்புகிறவர்கள் உண்டு. இறுக்கிச் செருகிய தெர்மாகோல் அமுங்காது, அடியை அப்படியே உள்ளே கடத்தும். துண்டுகளாக வெட்டி மூலைகளில் மட்டும் வைத்தால் அது வேலை செய்யும்.

பெட்டி மேல்வரை நிறைந்திருப்பதும் முக்கியம். மேலே காலியாக இருந்தால், அடுக்கும்போது மூடி உள்வாங்கி, பாரம் கிரீடத்தின் மேல் உட்காரும். மூடி லேசாக எதிர்த்துத் தள்ளும் அளவுக்கு நிரப்பி, டேப்பை நடுக்கோட்டில் ஒன்று, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று என மேலும் கீழும் ஒட்டுங்கள். பாரத்தை பெட்டிதான் சுமக்க வேண்டும், பொம்மை சுமக்கக் கூடாது.

தசாவதாரம், கல்யாண செட், ஊர்வல செட் மாதிரி நிறைய சின்னப் பொம்மைகளை எப்படி அடுக்குவது?

அட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒன்று. இரண்டு பொம்மையைச் சேர்த்துச் சுற்றக் கூடாது, ஒன்றை ஒன்று உடைத்துவிடும். எடை கூடியது அடியில். தசாவதாரத்தில் வராகம், நரசிம்மம் போன்ற பருத்த உருவங்களைக் கீழ்த்தட்டிலும், வில் ஏந்திய ராமர், பரசு ஏந்திய பரசுராமர், குதிரை மேல் கல்கி ஆகியவற்றை மேல்தட்டிலும் வையுங்கள். இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு முழு அட்டை.

தனியாகக் கழற்ற முடிந்த வில், வேல், குடை எல்லாவற்றையும் கழற்றித் தனிப் பொட்டலமாகக் கட்டி, எந்தப் பொம்மையுடையது என்று எழுதுங்கள். பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்து, ஒரு சீட்டில் மொத்த உருப்படி எண்ணிக்கையும் எழுதிவிடுங்கள். பேக்கிங் தாளோடு சேர்ந்து முருகன் வேல் குப்பைக்குப் போவது வருஷாவருஷம் நடக்கிற கதை.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை?

ஆடும் நடனப் பொம்மையாக இருந்தால் பாவாடை, உடல், தலை என்று தனித்தனியாகக் கழன்று வரும். கழற்றி ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றுங்கள், உள்ளே இருக்கும் கம்பி முனைக்குத் தனியாக ஃபோம் கொடுங்கள். அப்படியே நிறுத்தி அனுப்பினால் வழியெல்லாம் ஆடிக்கொண்டே போய்க் கழுத்து உரசித் தேய்ந்துவிடும். ராஜா ராணி போல அடி உருண்டையானதென்றால் கனமான பக்கம் கீழே இருக்கும்படி ஒரு அட்டை வளையத்துக்குள் உட்கார வையுங்கள்.

'உடையும் பொருள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் பத்திரமாகப் போகுமா?

ஒட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பிக் கட்டாதீர்கள். இரவு வேலையில் பெட்டி கன்வேயர் பெல்ட்டில் ஓடும்போது யாரும் படிப்பதில்லை. எழுத்தைவிடப் படம் மேல்: கோப்பை, மேல்நோக்கிய இரண்டு அம்பு, குடை. இவை உலகம் முழுக்க ஒரே அர்த்தத்தில் பயன்படும் குறிகள். கிடங்கில் தமிழ் படிக்கத் தெரியாத பிகார், ஒடிசாக்காரரும் இருப்பார், அவருக்கும் புரியும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலாவது ஒட்டுங்கள்.

ஒரு பெட்டியில் அளவுக்கு மீறி எடை ஏற்றாமல் இருப்பதே ஸ்டிக்கரைவிட நல்ல பாதுகாப்பு. ஒருவர் சிரமமில்லாமல் தூக்கி இறக்கக்கூடிய 8, 9 கிலோ பெட்டி இறக்கி வைக்கப்படும். 25 கிலோ பெட்டி கையை விட்டு விழும்.

சரியாகக் கட்டியிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூடியபின் பெட்டியைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டுங்கள். ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து மறுபடி நிரப்புங்கள். இதில் சமரசம் கிடையாது.

விற்பனைக்காக அடிக்கடி அனுப்புகிறவர் என்றால் ஒருமுறை விழுத்தியே பாருங்கள். பேக்கிங் சோதனை முறைகளை வகுக்கும் இஸ்டா (ISTA) என்ற அமைப்பின் அடிப்படைச் சோதனையில் சுமார் 9.5 கிலோவுக்குட்பட்ட பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். பொம்மையை வைத்துச் செய்ய மனம் வராது. கடைத்தெருவில் விற்கும் மண் உண்டியலை வாங்கி, அதே முறையில் சுற்றி, அதே பெட்டியில் வைத்துப் போடுங்கள். உண்டியல் பிழைத்தால் உங்கள் கட்டு நம்பத்தக்கது.

எதில் அனுப்புவது நல்லது? கூரியரா, தபாலா, பஸ்ஸா, லாரியா?

தூரத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். கூரியரில் ஒரு பெட்டி புக்கிங் கடையிலிருந்து ஊர்க் கிடங்கு, அங்கிருந்து பெரிய கிடங்கு, அந்த ஊர்க் கிடங்கு, டெலிவரி வண்டி என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆம்னி பஸ் பார்சல் ஒருமுறை டிக்கியில் ஏறும், விடிந்ததும் ஒருமுறை இறங்கும். அவ்வளவுதான். மதுரையிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ களிமண் பொம்மை அனுப்ப என்னைக் கேட்டால் பஸ்ஸைத்தான் சொல்வேன். போய் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். அரசு விரைவுப் பேருந்துகளிலும் 2022இலிருந்து பார்சல் வசதி இருக்கிறது.

ஸ்பீட் போஸ்ட்டின் பலம், கூரியர் போகாத சிற்றூருக்கும் போவது. லாரி சர்வீஸ் பெரிய மரப்பெட்டிக்கு, முழு செட்டுக்கு. அட்டைப் பெட்டி ஒன்றை லாரியில் போட்டால் அதன் மேல் இரும்புச் சாமான் ஏறாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எதுவானாலும் மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம் அனுப்பாதீர்கள். தாமதமும் கூட்டமும் அப்போதுதான்.

எடை 4 கிலோதான். 9 கிலோவுக்குப் பணம் கேட்கிறார்களே, ஏமாற்றுகிறார்களா?

இல்லை. அவர்கள் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கணக்குப் போடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, பல நிறுவனங்களில் 5,000ஆல் வகுப்பார்கள். 45 × 35 × 30 செ.மீ. பெட்டி என்றால் 47,250, வகுத்தால் 9.45 கிலோ. உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், புக்கிங்கிலேயே கேளுங்கள். காகிதக்கூழ் பொம்மை வாங்குகிறவர்களுக்குத்தான் இது உறைக்கும்: லேசான பொம்மை, கனமான பில்.

இதற்குப் பயந்து வெளிப்பெட்டியைச் சுருக்கி மெத்தையைக் குறைக்காதீர்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பீடம் சிறியதாக இருக்கும் பொம்மையாகப் பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டுவது அதேதான், காகிதம்தான் கூடுதல். அனுப்புகிறவரின் அடையாளச் சான்று நகல், பொருள் விவரம், மதிப்பு மூன்றும் வேண்டும். விவரத்தில் வெறுமனே 'டாய்ஸ்' என்று எழுதிவிடாதீர்கள். குழந்தைகள் விளையாட்டுப் பொருளுக்கு அங்கே தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு, வர்ணத்தில் ஈயம் இருக்கிறதா என்பதுவரை கேள்வி வரும். வர்ணம் பூசிய சுட்ட களிமண் அலங்கார உருவம், கையால் செய்தது என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். சுங்க வகைப்பாட்டில் பீங்கான், சுடுமண் அலங்கார உருவங்களுக்கு 6913 என்ற தலைப்பு எண் இருக்கிறது.

மூன்று பொருள்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலாவது, செட்டியார் கடைக்கு முன்னால் வைக்கும் அரிசி, பருப்பு, மிளகாய்ப் பொட்டலங்கள். தானியமும் விதையும் பல நாடுகளில் விமான நிலையத்திலேயே நிறுத்தப்படும், அதற்காகப் பெட்டி முழுவதையும் பிரிப்பார்கள். பிரித்தவர் உங்களைப் போலத் திரும்பக் கட்ட மாட்டார். இரண்டாவது, வைக்கோல். ஆஸ்திரேலியா அதைப் பேக்கிங் பொருளாக உள்ளே விடுவதில்லை. மூன்றாவது, செம்மரத்தில் செய்த மரப்பாச்சி. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள மரம் செம்மரம், முறையான அனுமதி இல்லாமல் அனுப்பினால் பறிமுதல்தான். பாட்டி கொடுத்த மரப்பாச்சியாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

மரப்பெட்டியில் அனுப்பினால் பலகை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றுவது போன்ற அங்கீகரித்த முறையில் பதப்படுத்தப்பட்டு, கோதுமைக் கதிர் முத்திரை குத்தப்பட்டதாக இருக்க வேண்டும். தெருமுனை ஆசாரியிடம் செய்த பெட்டி செல்லாது.

அமெரிக்கா 800 டாலர் வரை வரியில்லாமல் விட்டுக்கொண்டிருந்த சலுகையை 2025 ஆகஸ்ட் 29இலிருந்து நிறுத்திவிட்டது. வரி விகிதம் அதன்பின் மாறிக்கொண்டே இருக்கிறது. வரியை யார் கட்டுவது, நீங்களா வாங்குகிறவரா என்பதை புக்கிங்கின்போதே பேசி முடித்துவிடுங்கள். மகள் வீட்டு வாசலில் பெட்டியும் பில்லும் சேர்ந்து வந்து நிற்பது நல்லாயிருக்காது.

விமானத்தில் கையோடு எடுத்துப் போகலாமா?

ஒன்றிரண்டு பொம்மை என்றால் அதைவிட நல்ல வழி கிடையாது. பெரும்பாலான விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ. சோதனையில் பிரிக்கச் சொன்னால் பிரித்துத் திரும்பக் கட்டும்படி டேப்புக்குப் பதில் ரிப்பனோ நாடாவோ கட்டுங்கள். உலோகச் சூலம், வேல் இருந்தால் கழற்றிச் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

மழைக்கால அனுப்புதலில் காகிதக்கூழ் பொம்மை நனையாமல் இருக்க?

ஒவ்வொரு பொம்மையையும் தாளிலோ துணியிலோ சுற்றித் தனி பாலித்தீன் பையில் போட்டு, உடன் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. அதற்கு முன் பொம்மை நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால், பை ஈரத்தை வெளியே விடாமல் காக்கும். புதிதாக வர்ணம் அடித்த பொம்மையைச் சில நாள் நிழலில் காற்றாட வைத்து, வர்ண வாடை போனபின் கட்டுங்கள். வெளிப்பெட்டியின் அடிப்பாகத்துக்கும் ஓரங்களுக்கும் டேப் நிறைய ஒட்டுங்கள், தண்ணீர் ஏறுவது அடியிலிருந்துதான். அட்டை ஈரம் குடித்தால் பலமும் போகும், மேலே அடுக்கிய பாரம் உள்ளே இறங்கும்.

உடைந்து வந்தால் இழப்பீடு கிடைக்குமா?

களிமண், கண்ணாடிப் பொருள்களை 'ஓனர் ரிஸ்க்' (உடைந்தால் பொறுப்பு அனுப்புகிறவருடையது) என்று எழுதித்தான் பல இடங்களில் வாங்குவார்கள். புக்கிங் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விலை உயர்ந்ததென்றால் காப்பீடு கேளுங்கள், உடைவதற்கும் சேர்த்தா, தொலைந்தால் மட்டுமா என்பதையும் கேளுங்கள். பல காப்பீடுகள் தொலைவதோடு நின்றுவிடும்.

அனுப்பும் முன் பொம்மை, சுற்றிய நிலை, மூடிய பெட்டி மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். வாங்குகிறவர் பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டிவிட்டு, வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரிக்கட்டும். பெட்டி நசுங்கியிருந்தால் ரசீதில் அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. லாரியில் அனுப்பியது என்றால், 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டப்படி புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். உதவிக்கு 1915 என்ற நுகர்வோர் எண் இருக்கிறது. ஒரு விரல் உடைந்த பொம்மைக்கு இவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் பாடு.

விரல், கிரீட நுனி உடைந்ததை ஒட்டிப் படியில் வைக்கலாமா?

உடைந்த சாமி உருவத்தை வைக்கக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், சரிசெய்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுவது கஷ்டமில்லை: துண்டு கிடைத்தால் எபாக்ஸி பசை, கிடைக்காவிட்டால் எம்-சீலில் விரல் செய்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து அக்ரிலிக் வர்ணம். விளாச்சேரி, காஞ்சிபுரம் பக்கம் இருப்பவர்கள் செய்தவர்களிடமே கொண்டுபோனால் வர்ணமும் சேர்ந்து புதுசாகிவிடும். அதனால் பெட்டியைத் திறந்ததும் சின்னத் துண்டைக்கூடக் குப்பையில் போடாதீர்கள், பபிள் ராப் மடிப்புகளை உதறிப் பாருங்கள்.

கொலு முடிந்து பரணில் ஏற்றும்போதும் இதே கட்டோடு வைக்கலாமா?

பெட்டியும் அட்டை அறைகளும் இருக்கட்டும், பபிள் ராப்பைக் கழற்றிவிடுங்கள். பரண் சூட்டில் ஒரு வருஷம் இருந்தால் பிளாஸ்டிக் வர்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியில் சுற்றி, உருப்படிச் சீட்டை மேலேயே வைத்து மூடுங்கள். பாச்சா உருண்டை போடுவதென்றால் துணியில் முடிந்து மூலையில் போடுங்கள், வர்ணத்தில் படாமல்.